மீட்புக் குழுவுக்கு ஆள் சேர்ப்பதும் சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதும்

அடிபட்ட, நோயுற்ற தெரு விலங்குகளை மீட்கும் எங்கள் குழு திருச்சியில் தொடங்கிய மூன்றாவது மாதத்திலேயே வாட்ஸ்அப்பில் அறுபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு இரவு, உறையூரில் வண்டி மோதி ஒரு நாய் கிடப்பதாகச் செய்தி வந்தது. பத்து நிமிடத்தில் இருபது பதில்கள். "ஐயோ பாவம்", "யாராவது போங்களேன்", வரிசையாகக் கும்பிடும் கைகள். போனவர்கள் வழக்கம்போல அதே மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் அடுத்த மாதம் விலகினார், இன்னொருவர் அதற்கடுத்த மாதம்.

பதில் மட்டும் போட்டவர்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது கோபப்பட்டேன். பிறகு ஒவ்வொருவரிடமும் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. போனால் வீடு திரும்ப எத்தனை மணியாகும், ஆட்டோக் கூலி யார் தருவார்கள், கடித்துவிட்டால் என்ன செய்வது, சிகிச்சை முடிந்த நாயை எங்கே விடுவது என்று எதற்கும் எங்களிடம் பதில் இல்லை. இப்படிப்பட்ட வேலைக்கு நல்ல மனம் உள்ளவரும் தயங்கத்தான் செய்வார். துணிந்து வருகிறவரோ, வேலைக்கு முடிவே இல்லாமல் களைத்துப்போய் விலகுவார். வேலைக்கு வரம்பு போட்டுக் கொடுத்தால் ஆட்கள் வருகிறார்கள், இருக்கவும் செய்கிறார்கள். எங்களுக்கு அது பிடிபட இரண்டு வருடம் ஆனது. புதிதாகக் குழு தொடங்குகிற உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையை எழுதுங்கள், ஆளைப் பிறகு தேடலாம்

ஒரு தாளை எடுத்து, போன மாதம் உங்கள் குழு செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். நாயைப் பிடித்தது மட்டும் போதாது. போன் எடுத்தது, வழி கேட்டது, கால்நடை மருத்துவமனையில் வரிசையில் நின்றது, ஐந்து நாள் தொடர்ந்து மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தது, புண்ணில் புழு எடுத்தது, பழைய பெட்ஷீட் சேகரித்தது, தத்துக்குப் போன குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டது, மருந்துக்கடைப் பில்லைச் சேர்த்து வைத்தது, எல்லாமே.

எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். விலங்கைத் தொட வேண்டிய வேலைகள் அந்தப் பட்டியலில் பாதிகூட வராது. நாய் என்றாலே பயப்படுகிற ஒருவர்கூட உங்கள் குழுவின் தூணாக இருக்க முடியும். எங்களிடம் தத்தெடுத்தவர்களுக்குப் போன் செய்கிற வேலையைப் பார்ப்பவர், பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை. முழங்கால் வலி, படி ஏற முடியாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியலோடு உட்கார்ந்துவிடுவார். "தடுப்பூசி போட்டாச்சா? கருத்தடைக்குத் தேதி வாங்கியாச்சா? மொட்டை மாடியில கட்டிப் போடலையே?" இந்தக் கேள்விகளை அவர் கேட்டால் மழுப்புவதற்கு யாருக்கும் தைரியம் வருவதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த இடம், எதோடு முடிகிறது. கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "நாயை மருத்துவமனையில் சேர்த்து, சீட்டைப் படமெடுத்து அனுப்பியதும் உங்கள் வேலை முடிந்தது" என்று எழுதிவிட்டால் வருகிறவருக்கு நிம்மதி. இல்லாவிட்டால் அந்த நாய் தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம் அவரை முதல் நாளே துரத்திவிடும்.

ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்

சமூக ஊடகத்தில் "விலங்குகளை நேசிப்பவர்கள் எங்களோடு இணையுங்கள்" என்று போட்டால் இதயக் குறிகள் வரும், ஆள் வரமாட்டார்கள். குறிப்பான வேலையைச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குப் பலன் தந்த ஒரு செய்தி இது: "ஞாயிறு காலை 7 முதல் 9 வரை, தில்லைநகர் பகுதியில், கார் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். கருத்தடை முடிந்த இரண்டு நாய்களை அவை இருந்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும். ஏற்றி இறக்குவது நாங்கள், ஓட்டுவது மட்டும் நீங்கள். பின் சீட்டில் விரிக்க தார்ப்பாய் தருகிறோம்." ஒரே நாளில் நான்கு பேர் கேட்டார்கள். அந்தத் தார்ப்பாய் வரிக்குப் பாதிப் பெருமை போகும்.

ஆனால் நல்ல ஆட்கள் இணையத்தைவிடத் தெருவில்தான் அதிகம். ஏற்கெனவே யார் சோறு வைக்கிறார்கள் என்று பாருங்கள். டீக்கடையில் பொறை வாங்கித் தெருநாய்க்குப் போடுகிற ஆட்டோ ஓட்டுநர், கோழிக்கடையில் காலும் கழுத்தும் கேட்டு வாங்கிப் போகிற பாட்டி, காந்தி மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தில் பூனைகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குகிற கடைக்காரர். இவர்களுக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு நாயும் தெரியும். எது குட்டி போட்டது, எது நான்கு நாளாகக் காணோம், எந்த வீட்டுக்காரர் கல்லெறிகிறார், எல்லாம் சொல்வார்கள். இவர்களைத் 'தன்னார்வலர்' ஆக்கப் படிவம் நீட்டாதீர்கள். "அண்ணே, அந்த வெள்ளைப் பெட்டைய வியாழக்கிழமை கருத்தடைக்குக் கொண்டுபோறோம். உங்க கைக்குத்தான் வரும். காலையில ஆறு மணிக்கு நீங்க ஒரு பத்து நிமிஷம் இருந்தா போதும்" என்று கேளுங்கள். அவர் பிடித்துத் தந்தால் வலைக்கே வேலையில்லை. நாய்க்கும் அந்தப் பயம் இருக்காது.

கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலரைப் பாருங்கள். அந்தத் திட்டத்தில் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். குடிநீர்த் தொட்டி வைப்பது, தடுப்பூசி முகாமில் பதிவு எழுதுவது போன்ற வேலைகள் அவர்களுக்குப் பொருந்தும். மார்ச், ஏப்ரலில் தேர்வு வந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், பிடிக்கும் வேலைக்கு எக்காரணம் கொண்டும் கூட்டிப்போகக் கூடாது.

அப்புறம், தத்தெடுக்க வந்து வீட்டுச் சூழ்நிலையால் முடியாமல் போனவர்கள். வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்காததால் கண் கலங்கித் திரும்பிய ஒருவர்தான் இன்று எங்கள் கணக்குகளைப் பார்க்கிறார்.

முதல் பேச்சில் உண்மையைச் சொல்லுங்கள்

சேர விரும்புகிறவரோடு அரை மணி நேரம் நேரில் பேசுங்கள். எவ்வளவு நேரம் தர முடியும் என்று கேட்டு, அவர் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் பத்து மணி நேரம் தருகிறேன் என்கிறவருக்கு மூன்று மணி நேர வேலை கொடுங்கள். ஆர்வத்தில் சொல்வது நான்காவது வாரம் நிற்காது. அப்போது அவருக்குக் குற்றவுணர்வு வரும். குற்றவுணர்வு வந்தவர் போனை எடுக்கமாட்டார்.

காப்பாற்ற முடியாத விலங்குகளும் வரும் என்பதை அன்றே சொல்லுங்கள். பார்வோ என்ற கடும் வயிற்றுப்போக்கு வைரஸ் நோய் வந்த குட்டிகளில் பல இறந்துபோகும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் முற்றிய நாய் இழுப்பு வந்து துடிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். வலியில் கிடக்கும் உயிரை மருத்துவர் கருணை ஊசி போட்டு முடிக்கும் நாளும் வரும். இதைக் கேட்டு ஒருவர் பின்வாங்கினால் நல்லதுதான். அவருக்குப் படமெடுக்கும் வேலையோ கணக்கு எழுதும் வேலையோ கொடுக்கலாம்.

"நாயைக் காப்பாற்றுகிறேன், ஆனால் மனிதர்களைப் பிடிக்காது" என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். நம் வேலையில் பாதி நேரம் மனிதர்களோடுதான். புகார் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர், மாநகராட்சி ஊழியர், காத்திருந்து அலுத்த மருத்துவர் என்று எல்லோரிடமும் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும்.

தடுப்பூசி போடாமல் யாரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைப் பிழைக்க வைக்க அநேகமாக வழியே இல்லை. தொடும் வேலைக்கு வருகிற எல்லோரும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். இப்படி முழுதாகப் போட்டவரைப் பின்னர் ஒரு நாய் கடித்தால் அன்றும் மூன்று நாள் கழித்தும் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் (காயத்தில் போடும் எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படாது. முன்பே போட்டாயிற்று என்று அந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது. பூனைக் கீறலுக்கும் இதே விதிதான். கடிபட்ட உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. கழுவியதும் நேராக அரசு மருத்துவமனை. ஒவ்வொருவரின் ஊசித் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பயிற்சியில் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. வாய் மூட முடியாமல், எச்சில் வழிய, தள்ளாடிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்தால் புதியவர்கள் "தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது" என்று நினைத்து வாய்க்குள் கைவிடப் போவார்கள். வெறிநோயின் ஒரு வகை அப்படித்தான் இருக்கும். தொடாதீர்கள், ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள், அனுபவம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

முதல் மூன்று முறை புதியவர் பார்வையாளர் மட்டுமே. பழையவர் ஒருவரோடு போய், துண்டை எப்படிப் போர்த்துகிறார், துணியால் வாயை எப்படிக் கட்டுகிறார், கூண்டை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார் என்று பார்க்கட்டும். நான்காவது முறை அவர் செய்ய, பழையவர் பார்க்கட்டும். இரவு வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். பெண்கள் தனியாகப் போகும் நிலை வரக் கூடாது. போனவர் வீடு சேர்ந்த செய்தி வரும் வரை ஒருங்கிணைப்பாளர் விழித்திருக்க வேண்டும்.

கிளி, ஆந்தை, குரங்கு, பாம்பு வந்தால் எடுத்து வளர்க்கக் கூடாது என்பதும் முதல் நாள் பாடம். அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வனத்துறைக்குத்தான் தகவல் போக வேண்டும். அடிபட்டுக் கிடக்கும் மாடு, ஆடுகளுக்குக் கால்நடைத் துறையின் 1962 என்ற எண் இருக்கிறது.

சட்டத்தைக் கவனிக்கவென்றே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரோ சட்டக் கல்லூரி மாணவரோ கிடைத்தால் நல்லது, மாதம் இரண்டு மணி நேர வேலைதான். தெருநாய்க் கருத்தடைக்கு மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அதற்குப் பின் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை எடுத்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் அதற்கு விலக்கு. உணவு வைக்கத் தனி இடங்கள் ஒதுக்கவும் அந்த உத்தரவில் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தைச் சோறு வைக்கப் போகும் ஒரு கல்லூரிப் பெண் தெருவில் நின்று, நான்கு பேர் சூழ்ந்து கத்தும்போது விளக்க முடியாது. கடைசி நிலவரத்தை அரைப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதி அவள் கையில் கொடுங்கள். "சண்டை போடாதே, எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடு" என்றும் சொல்லிக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பை அடக்குங்கள்

குழுவைக் கலைக்கும் முதல் எதிரி அதுதான் என்பேன். ஒரே குழுவில் எல்லாம் போனால் காலை எழுந்ததும் ரத்தப் படம்தான் கண்ணில் படும். இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு மட்டும். இன்னொன்று அந்த வாரம் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும். காயத்தின் படம் இரண்டாவதில் மட்டும்தான் வரலாம், அதுவும் மருத்துவருக்குத் தேவையென்றால்.

மீட்பு அழைப்புக்கு வார முறை வையுங்கள். இந்த வாரம் இருவர், அடுத்த வாரம் வேறு இருவர். முறை இல்லாதவர்கள் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம், யாரும் கேட்கக் கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் உயிர் போகும் நிலை இருந்தால் மட்டுமே அழைப்பை ஏற்பது என்று நாங்கள் முடிவெடுத்தபோது எனக்கே மனம் ஒப்பவில்லை. ஒரு நாயைக் கைவிடுகிறோமே என்று இருந்தது. ஆனால் அந்த விதி வந்த பிறகுதான் ஒரு வருடம் முழுவதும் ஆட்கள் குறையாமல் இருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அந்த வருடம் நாங்கள் எடுத்த விலங்குகளின் எண்ணிக்கை கூடியது.

மாதக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. ஐப்பசி, கார்த்திகையில் இணை சேர்ந்த நாய்கள் மார்கழி, தையில் குட்டி போடும். சரியாக அப்போதுதான் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடும் நாய்கள் ஒரு வாரத்துக்குத் தேடப்படும். மழைக்காலத்தில் புழுப் புண் கூடும். இந்த வாரங்களுக்கு இரண்டு மாதம் முன்பே யார் ஊரில் இருப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் கடைசி நேரக் கெஞ்சல் இருக்காது.

ஃபாஸ்டர் வீடுகள்

வீட்டில் சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்தான் குழுவின் மிக அரிய சொத்து, மிக எளிதில் நாம் இழப்பதும் இவர்களைத்தான். "ரெண்டு நாள்தான்" என்று சொல்லிக் குட்டியைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் எட்டிப் பார்க்காமல் இருக்கும் பழக்கம் பல குழுக்களில் உண்டு. அப்படி ஒருமுறை ஏமாந்தவர் வாழ்நாளில் மறுபடி கதவைத் திறக்கமாட்டார்.

கொடுக்கும்போதே திரும்ப எடுக்கும் தேதியை எழுதிக் கொடுங்கள். தத்து வீடு கிடைக்காவிட்டாலும் அந்த நாளில் குட்டியை எடுத்துவிட வேண்டும். உணவு, மருந்து, பழைய செய்தித்தாள் எல்லாம் குழு தர வேண்டும். அவர் தன் கைக்காசைப் போட்டால் மகிழ்ச்சி, எதிர்பார்க்கக் கூடாது. பார்வோ வந்த குட்டி இருந்த வீட்டில் தடுப்பூசி முழுதாகப் போடாத அடுத்த குட்டியை வைக்கவே கூடாது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் இருக்கும், சாதாரண பினாயில் அதற்குப் போதாது. பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவித் துடைத்த பிறகும் பல மாதம் அந்த வீட்டுக்கு வளர்ந்த, ஊசி போட்ட நாய் மட்டும்தான்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் பார்வோ வந்த குட்டியை வீட்டில் வைத்து, மணிக்கொரு முறை எழுந்து சிரிஞ்சில் தண்ணீர் கொடுத்துப் பன்னிரண்டு இரவு பார்த்துக்கொண்டார். பதின்மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரிடம் ஒரு பூனைக்குட்டியை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் அழுதது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. குழுவை விட்டுப் போய்விட்டார். நான் அன்றே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், குட்டியைப் புதைக்கும்போது அவரோடு நின்றிருக்க வேண்டும். இப்போது எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. தன் கையில் ஒரு விலங்கைப் பறிகொடுத்தவரிடம் குறைந்தது ஒரு மாதம் எந்த வேலையும் கேட்பதில்லை. குழுவிலிருந்து ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார், விலங்கைப் பற்றி அவராகப் பேசினால் கேட்பார்.

இருக்க வைக்கும் சிறு காரியங்கள்

வண்டி ஓட்டியவருக்கு அந்த நாய் என்னவானது என்று சொல்லுங்கள். இதைவிடப் பலன் தரும் ஒன்றை நான் பார்த்ததில்லை. பொன்மலையிலிருந்து இடுப்பெலும்பு முறிந்த நாயைக் கொண்டுவந்த ஓட்டுநருக்கு, ஏழு வாரம் கழித்து அது நொண்டி நொண்டி ஓடும் காணொளியை அனுப்பினோம். "என் பொண்ணுகிட்ட காட்டுனேன்" என்று பதில் வந்தது. அந்த அண்ணன் இன்றுவரை எங்களோடு இருக்கிறார். இறந்துபோனாலும் சொல்லுங்கள். பதில் வராத மௌனம்தான் மனதை அரிக்கும்.

பெட்ரோல் காசைக் கேட்காமலே கொடுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள், ஆனாலும் நீட்டுங்கள். வாங்கிக்கொள்ளக் கூச்சப்படும் மாணவர் ஐந்தாவது முறை வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். நன்கொடைப் பணம் ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் பேச்சு வரும். குழுவின் பெயரில் கணக்குத் தொடங்கும் வரை, வரவையும் செலவையும் பில்லோடு மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

பாராட்டைப் பொதுவில் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவரைப் பாராட்டினால் படத்தில் வராத மூவர் வாடிப்போகிறார்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து டிபன் சாப்பிடுங்கள், அங்கே மீட்பு வேலை பற்றிப் பேச்சு வேண்டாம். தத்துக்குப் போன ஒரு நாயை அதன் வீட்டாரோடு வரச் சொல்லுங்கள், அது போதும்.

சண்டை வரும். கருணை ஊசி போட்டது சரியா, வாலாட்டும் அந்த நாயை அந்த வீட்டுக்குக் கொடுத்தது சரியா என்று வரும். மருத்துவ முடிவு மருத்துவருடையது, தத்து முடிவு வீட்டை நேரில் பார்த்த இருவருடையது என்று முன்பே எழுதி வைத்துவிட்டால் பாதி அடங்கும். புதியவர்களிடம் கத்துகிற ஒரு மூத்தவர் எவ்வளவு திறமைசாலியானாலும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இரண்டாம் முறையும் நடந்தால் புதியவர்களோடு அவரைச் சேர்க்காதீர்கள். அவர் ஒருவருக்காகப் பத்துப் பேரை இழந்த குழுக்கள் உண்டு.

போகிறவர்களை நல்லபடியாக அனுப்புங்கள்

கல்யாணம், வேலை மாற்றம், குழந்தை, அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று ஆட்கள் போகத்தான் செய்வார்கள். மூன்று மாதம் விடுப்பு என்று ஒரு வழி வைத்திருங்கள். விடுப்பில் இருப்பவரை அறிவிப்புக் குழுவில் மட்டும் வைத்துக்கொண்டு, வேறு எதற்கும் அழைக்காதீர்கள். நிரந்தரமாக விலகுகிறவரிடமிருந்து கூண்டு, சாவி, மாத்திரை கொடுத்து இன்னும் முடியாத நாய்களின் பட்டியல், தத்தெடுத்தவர்களின் எண்கள் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எண் எங்காவது சுவரொட்டியில் இருந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். விலகி ஆறு மாதம் ஆன பிறகும் நள்ளிரவில் "சார், இங்க ஒரு நாய்" என்று அவருக்குப் போன் வருவது நியாயமில்லை. போகும் முன் டீக்கடையில் உட்கார்ந்து, எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்றிரவே முதலில் எழுதிய அந்த வேலைத் தாளில் திருத்துங்கள்.